ஆறு மாத ஆலைப் பயிற்சியும் பதினைந்து நிமிட நேர்காணலும்

விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலுக்காக அறிந்தவர்கள் உண்டு. விழுப்புரம்–திருச்சி தடத்திலிருந்து சேலத்துக்கும் கடலூருக்கும் வண்டி மாறுகிற சந்திப்பாக அறிந்தவர்கள் இன்னும் அதிகம். பீங்கான் ஊர் என்று அறிந்தவர்கள் பெரும்பாலும் தொழிலுக்குள் இருப்பவர்கள்தான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகழ்ந்தபோது கூடவே வந்த வெள்ளைக் களிமண்ணும், அரசு அமைத்துக் கொடுத்த பீங்கான் தொழிற்பேட்டையும் சேர்ந்து இந்த ஊரில் ஒரு தொழிலை நிலைநிறுத்தின. பழைய வீடுகளின் மீட்டர் பலகையில் இருந்த வெள்ளை பியூஸ் கேரியர், ஊறுகாய் ஜாடி, பொம்மை, கார்த்திகைக்கு அகல்விளக்கு என்று இங்கிருந்து போன சரக்கு பல வகை. அந்தத் தொழிலுக்கு ஆள் தயார் செய்கிற அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது. சூளையும் வகுப்பறையும் ஒரே ஊரில் அமைந்த இடங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆகவே, ஒரு தொழில்நுட்ப மாணவர் ஆலைப் பயிற்சிக்கும் வேலைக்குமான நேர்காணலுக்கு எப்படித் தயாராக வேண்டும் என்ற கேள்வியைப் பேச இந்த ஊர் நல்ல களம்.

இங்கே நடப்பது சாண்ட்விச் முறைப் பட்டயப் படிப்பு. மூன்று ஆண்டுப் பாடத்தை மூன்றரை ஆண்டாக, ஏழு பருவமாகப் பிரித்து, நடுவில் ஆலைப் பயிற்சியைச் செருகிவைக்கும் ஏற்பாடு. இதன் வேர் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 1903-இல் தொடங்கிய வகுப்புகளில் இருக்கிறது. 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் இதற்கு இணையான ஒன்றைத் தொடங்கினார். இரண்டு இடத்திலும் அடிப்படை எண்ணம் ஒன்றே: பட்டறையில் கற்க வேண்டியதைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாது. இந்த முறையில் படிக்கும் மாணவர் இரண்டு வகை நேர்காணலைச் சந்திக்கிறார். ஒன்று, பயிற்சிக்கு இடம் கேட்டு ஓர் ஆலையின் மேலாளர் முன் உட்காருவது. அது பெரும்பாலும் சம்பிரதாயமற்ற பேச்சாகவே இருக்கும். ஆனாலும் யாரைச் சூளைப் பக்கம் அனுப்புவது, யாரைப் பேக்கிங்கில் ஆறு மாதம் உட்காரவைப்பது என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. மற்றொன்று, படிப்பு முடியும் தறுவாயில் வருகிற வேலைக்கான நேர்காணல். முதலாவதை யாரும் நேர்காணலாகவே எண்ணுவதில்லை. இரண்டாவதற்கு மட்டும் எல்லோரும் பதற்றத்தோடு தயாராகிறார்கள். இந்தக் கட்டுரை வாதிடுவது, இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதைத்தான். வேலை நேர்காணலுக்கான தயாரிப்பில் பெரும்பகுதி பயிற்சிக் காலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் செய்யக்கூடியது மெருகு ஏற்றுவது மட்டும்.

நடப்பில் உள்ள தயாரிப்பு எப்படி இருக்கிறது? 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்த பத்து வரி. பலமும் பலவீனமும் கேட்டால் சொல்ல 'கடின உழைப்பாளி', 'எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவேன்' என்ற இரண்டு ஆயத்த விடைகள். கைகுலுக்கும் விதம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, எண்கணிதப் புதிர்ப் புத்தகம். இந்தப் பாடத்திட்டம் பீங்கான் தொழிலிலிருந்து வந்ததல்ல. மென்பொருள் நிறுவனங்கள் எல்லாப் பிரிவிலிருந்தும் நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கத் தொடங்கிய காலத்தில் பொறியியல் கல்லூரிகளில் பிறந்து, அங்கிருந்து பாலிடெக்னிக்குகளுக்கு வந்து சேர்ந்தது. எந்தப் பாடம் படித்திருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் பயிற்சி கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்கிற முதலாளிக்கு அது பொருந்தும். ஏனென்றால் அவர் மாணவர் படித்த பாடத்தைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. சூளையை நம்பி ஒப்படைக்க ஆள் தேடுகிறவர் அப்படி இருக்க முடியாது.

நேர்காணல் என்ற முறையே எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். தேர்வில் பெறும் மதிப்பீட்டுக்கும் பின்னாளில் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள தொடர்பை 0 முதல் 1 வரையான அளவில் வைத்தால், கேள்விகளை முன்கூட்டியே வகுத்து எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் நேர்காணலுக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.38 என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2022-இல் சாக்கெட்டும் அவர் குழுவினரும் அந்தக் கணக்கில் இருந்த மிகைத்திருத்தங்களை நீக்கி மறுபடி கணக்கிட்டபோது முதலாவது 0.42 ஆகவும், இரண்டாவது 0.19 ஆகவும் இறங்கின. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வகுத்துக் கேட்கும் நேர்காணல்கூட ஒருவரின் எதிர்காலத் திறனை ஓரளவுக்குத்தான் சொல்லும். ஆகவே தேர்வாகாத மாணவர் அதைத் தம் தகுதிக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அடுத்தது, தோற்றமும் பேச்சுச் சாதுரியமும் அதிகம் வேலை செய்வது வகுக்கப்படாத அரட்டை நேர்காணலில்தான். பாரிக் குழுவினர் 2009-இல் வெளியிட்ட தொகுப்பாய்வும் இதே திசையில்தான் போகிறது: தோற்றம், புகழ்ந்து பேசுதல், தன்னை உயர்த்திச் சொல்லுதல் போன்றவை நேர்காணல் மதிப்பெண்ணைத் தூக்கிவிடுகிற அளவுக்குப் பின்னாளைய வேலைத்திறனோடு தொடர்புடையவையாக இல்லை. அப்படியானால் கைகுலுக்கப் பயிற்சி தருவது மாணவருக்கு லாபம்தானே என்று கேட்கலாம். லாபம்தான், கேட்பவருக்கும் பீங்கான் தெரியாது என்றால். பேட்டையிலும் டைல்ஸ் ஆலையிலும் எதிரே உட்காருபவர் பெரும்பாலும் ஒரு சூளைக்காரர். அவர் சட்டையைப் பார்த்த கையோடு அடுத்த கேள்வியில் மண்ணுக்கு வந்துவிடுவார்.

அந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பியூஸ் கேரியரின் நீளம் சுட்ட பிறகு 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், மண்ணின் மொத்தச் சுருக்கம் 12 சதவீதம், அச்சு எவ்வளவு நீளம்? அவசரக்காரர் 112 என்பார். சுருக்கம் ஈரநிலை நீளத்தின் மீது கணக்கிடப்படுவது என்பது நினைவிருப்பவர் 100-ஐ 0.88-ஆல் வகுத்து 113.6 என்பார். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் பித்தளைக் கவ்வி பொருந்தாமல் ஒரு சூளைச் சரக்கு முழுவதும் கழிவாகப் போகும். அல்லது மேசைமேல் விரிசல் விட்ட ஒரு பொருளை வைத்து, இது எப்போது விட்ட விரிசல் என்று கேட்பார்கள். விரிசலின் ஓரத்தில் கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சு உருகி வழுவழுவென்று மடிந்திருந்தால், கிளேஸ் இளகுவதற்கு முன்பே, உலர்த்தும்போதோ சூடேற்றும்போதோ விட்டது. ஓரம் கத்திபோலக் கூராக இருந்தால், கிளேஸ் இறுகிய பிறகு, குளிரும்போது விட்டது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறிச் சட்டென்று சுருங்கும் இடத்தைச் சூளை அவசரமாகக் கடந்திருக்கும். கையில் எடுத்து விரலால் தடவிப் பார்க்கிற மாணவரைப் பார்த்ததுமே கேட்பவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும். மூன்றாவது, சூளைச் சூட்டில் இளகிச் சாயும் சிறு கூம்பான செகர் கோன். சூளைக்குள் தெர்மோகப்பிள் இருக்கும்போது கோன் எதற்கு? வெப்பநிலை ஒரு கணத்தின் அளவு, கோன் சாய்வதோ வெப்பமும் நேரமும் சேர்ந்து மண்ணில் செய்த வேலையின் அளவு. இந்த விடையைப் புத்தகத்திலிருந்தும் சொல்லலாம். ஆனால் அடுத்த கேள்வி, 'நீங்கள் பயிற்சி எடுத்த இடத்தில் எந்த கோன் வைத்தார்கள், எங்கே வைத்தார்கள்?' என்பதாக இருக்கும். அங்கே புத்தகம் கைகொடுக்காது.

ஆக, தயாரிப்பின் மூலப்பொருள் பயிற்சி நாட்குறிப்பு. சாண்ட்விச் மாணவர் ஒவ்வொருவரும் அதை எழுதியாக வேண்டும்; அறிக்கையாகச் சமர்ப்பிக்கவும் வேண்டும். நடைமுறையில் அது பலருக்குக் கையெழுத்து வாங்கும் நோட்டாகவே இருக்கிறது. 'இன்று பால் மில் பிரிவைப் பார்வையிட்டேன்' என்ற வரியால் எந்த நேர்காணலிலும் பயன் இல்லை. எத்தனை கிலோ சரக்கு, எத்தனை மணி நேர அரைப்பு, எந்தச் சல்லடையில் எவ்வளவு மிச்சம், ஸ்லிப் எனும் மண்குழம்பு கெட்டியானபோது சோடியம் சிலிகேட் எவ்வளவு சேர்த்தார்கள், கூடுதலாகப் போனபோது என்ன ஆயிற்று என்று எழுதியிருந்தால் அது ஒரு கேள்வித்தாளாகவே மாறிவிடும். அதை வைத்துப் படிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களும், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 40 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதமும் நினைவில் இருந்தது. நேர்காணலுக்கு முந்தின இரவு வழிகாட்டி நூலைப் புரட்டுகிறவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், மறுநாள் நாக்கு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். நாட்குறிப்பை மூடிவைத்துவிட்டு, அறைத்தோழரைக் கேள்வி கேட்கச் சொல்லி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுவதுதான் செலவில்லாத, பயனுள்ள பயிற்சி.

இதற்கு முதல் மறுப்பு மாணவர்களிடமிருந்தே வரும். பயிற்சிக்கு இடம் கேட்டுப் போகும்போது நாட்குறிப்பே இருக்காதே, மூன்றாம் பருவத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த அனுபவத்தைப் பேசுவார்? நியாயமான கேள்வி. விருத்தாசலத்தின் தனி வாய்ப்பு இங்கேதான் வருகிறது. கட்டட அமைப்பியல் மாணவருக்கு ஊருக்கு ஊர் கட்டுமானம் இருக்கிறது. பீங்கான் மாணவருக்கு இந்தப் பேட்டையைத் தவறவிட்டால் அடுத்த சூளை பல மணி நேரப் பயணம். கார்த்திகைக்கு முந்தைய மாதங்களில் அகல்விளக்கு வேலை மும்முரமாக இருக்கும்போது, ஆசிரியர் மூலம் அனுமதி வாங்கிச் சில சனிக்கிழமைகள் ஓர் அலகில் நின்றாலே, பிளாஸ்டர் அச்சு எத்தனை வார்ப்புக்குப் பிறகு நீரை உறிஞ்ச மறுக்கிறது, உலராத சரக்கைச் சூளையில் ஏற்றினால் என்ன நேர்கிறது என்று சொல்ல விஷயம் கிடைத்துவிடும். அச்சு எடுக்கும் அக்காவும் சூளை அடுக்கும் அண்ணனும் பட்டயம் வாங்காதவர்களாக இருக்கலாம். உலர்த்துவதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு பாடநூல் எழுதியவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பேட்டை பழையது, தானியங்கி சுவிட்சான எம்சிபி வந்த பிறகு பியூஸ் கேரியருக்குச் சந்தை சுருங்கிவிட்டது, குஜராத்தின் மோர்பியில் ரோலர் சூளையில் டைல்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வெந்து வெளியே வருகிறது, டிஜிட்டல் அச்சில் பளிங்கு வடிவம் விழுகிறது, அகல்விளக்கு அனுபவத்தை அங்கே யார் மதிப்பார்கள்? இயந்திரங்களைப் பொறுத்தவரை இது முழுக்க உண்மை. அந்த வேகத்தை எதிர்பார்த்துப் போகிற மாணவர் அந்த இயந்திரங்களைப் பற்றித் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் குவார்ட்ஸ் மோர்பியிலும் அதே 573 டிகிரியில்தான் உருமாறுகிறது. அவசரமாகச் சுட்டால் உள்ளே கரி எரியாமல் கருப்பு மையம் விழுவது ரோலர் சூளையில் இன்னும் பெரிய தலைவலி. மெதுவான சூளையில் ஒரு குறையைக் கண்ணால் பார்த்தவருக்கு, வேகமான சூளையில் வரைபடத்தைப் பார்த்தே அதை ஊகிக்கப் பழகுவது எளிது. நேர்காணலில் 'எங்கள் ஊரில் பழைய சூளைதான் சார்' என்று தலைகுனிந்து சொல்வதற்கும், 'எங்கள் ஊர்ச் சூளையில் இந்தக் குறைக்கு இதுதான் காரணமாக இருந்தது, உங்கள் சூளையில் எந்த மண்டலத்தில் கட்டுப்படுத்துகிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது.

ஆங்கிலம் பற்றிய மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்துப் பட்டயப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் ஏராளம். ஆங்கிலத்தில் தடுமாறியதற்காகவே வடிகட்டப்படுவதும் நடக்கிறது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மொழித்திறன் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் நியாயம். அந்தப் பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. சிக்கல், மொழிப் பயிற்சியையும் பாட அறிவையும் இரண்டு வகுப்பாகப் பிரித்துவிடுவதில்தான். பொழுதுபோக்கு பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி பேசக் கற்பவர், கிளேஸில் ஊசித்துளை (பின்ஹோல்) ஏன் வருகிறது என்று ஆங்கிலத்தில் மூன்று வரி சொல்லக் கற்றிருந்தால் அதே உழைப்பில் இரண்டு காரியம் முடிந்திருக்கும். தொழில்நுட்பச் சொற்கள் ஏற்கெனவே ஆங்கிலத்திலிருந்து வந்தவை. வினைச்சொல் பத்து தெரிந்தால் வாக்கியம் அமைந்துவிடும். தவிர, குஜராத்துக்கு வேலைக்குப் போகிறவருக்கு ஆங்கிலம் அலுவலக அறை வரைக்கும்தான். சூளையடியில் புழங்குவது இந்தியும் குஜராத்தியும். அதற்கு யாரும் வகுப்பு நடத்துவதில்லை.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எடுக்கிற இடங்களும் உண்டே, அங்கே இந்தத் தயாரிப்பு எதற்கு என்பது அடுத்தது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டபோது பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் அதற்குள் வந்தார்கள். தென்மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகள் பட்டயதாரருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 8,000 ரூபாய் என்றும், பட்டதாரிக்கு 9,000 ரூபாய் என்றும் வைத்தன. நெய்வேலி நிறுவனம் போன்ற பெரிய பொதுத்துறை இடங்களில் பழகுநர் தேர்வு மதிப்பெண் வரிசையிலேயே நடக்கிறது. அங்கே நேர்காணல் சாமர்த்தியத்துக்கு இடமில்லை, அரியர் இல்லாமல் பார்த்துக்கொள்வதே தயாரிப்பு. ஆனால் பழகுநர் காலம் ஓராண்டுதான், அதன் முடிவில் அதே நிறுவனம் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. அந்த ஓராண்டு முடிந்து வெளியே வரும்போது மறுபடி நேர்காணல் அறைதான், இந்த முறை கேள்விகள் இன்னும் ஆழமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான மறுப்பு ஒன்று மீதி இருக்கிறது. வேலையே குறைவாக இருக்கும்போது தயாரிப்பைப் பற்றிப் பேசுவது, குறையை மாணவர் தலையில் கட்டுவதாகாதா? ஓரளவுக்கு ஆகும். பக்கத்து வடலூரில் சுகாதாரப் பீங்கான் செய்த நெய்சரும் மின்காப்பான் செய்த சேஷசாயியும் உச்சத்தில் இருந்த காலத்தில் இந்த வட்டாரத்துப் பீங்கான் மாணவருக்கு வேலை பேருந்து தூரத்தில் இருந்தது. அந்த நிலை போனதற்கும் யாருடைய நேர்காணல் திறமைக்கும் சம்பந்தம் இல்லை. பத்து இடத்துக்கு நூறு பேர் போட்டியிடும்போது நூறு பேருமே நன்றாகத் தயாராகிப் போனாலும் தொண்ணூறு பேர் திரும்பித்தான் வருவார்கள். இந்த உண்மையை மறைத்துவிட்டு 'தன்னம்பிக்கை இருந்தால் போதும்' என்று மேடையில் முழங்குவது மாணவருக்குச் செய்யும் துரோகம். ஆனால் தேவை இருக்கும் திசையையும் சொல்ல வேண்டும். எஃகு, சிமென்ட், கண்ணாடி ஆலைகள் அனைத்துக்கும் தீச்செங்கல் வேண்டும். சேலத்தில் மாக்னசைட் சார்ந்த ரிஃப்ராக்டரி ஆலைகள், ராணிப்பேட்டையில் சுகாதாரப் பீங்கான், ஓசூரில் தொழில்துறைப் பீங்கான் என்று வாய்ப்புகள் ஊர் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன. ஆகவே 'வெளியூர் போவீர்களா, இரவு ஷிப்ட் பார்ப்பீர்களா?' என்பது இந்தத் துறையின் நேர்காணல்களில் தவறாமல் வரும் கேள்வி. தொழில்நுட்பக் கேள்விகளைத் தாண்டியவர்கள்கூட இதில் இழுத்து, 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார்' என்று வாய்ப்பை நழுவவிடுகிறார்கள். இது வீட்டில் பல வாரங்களுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம். பெண் பிள்ளைகள் என்றால் தங்குமிடம், இரவுப் போக்குவரத்து பற்றி நேர்காணலிலேயே தயங்காமல் கேட்டுத் தெளிவதும் தயாரிப்பில் அடங்கும். அதுபோலவே தூசு. குவார்ட்ஸ் தூசு நுரையீரலில் படிந்தால் வரும் சிலிகோசிஸ், சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். அரைப்புப் பிரிவில் தூசு உறிஞ்சி இருக்கிறதா, முகக்கவசம் தருகிறார்களா என்று கேட்கிற இளைஞரை வேண்டாதவராக நினைக்கும் நிறுவனம், போகாமல் இருப்பதற்கு ஏற்ற நிறுவனம்.

மாணவர் மட்டும் செய்து முடிக்கிற காரியமாகவும் இதை விட்டுவிட முடியாது. ஆலைப் பயிற்சி முடிந்ததும் நடக்கும் வாய்மொழித் தேர்வு ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சடங்காக நடத்தாமல் வேலை நேர்காணலின் முதல் ஒத்திகையாக மாற்றலாம். பேட்டையில் சூளை நடத்துபவர் ஒருவரையும், பல ஆண்டு சூளை அடுக்கிய தொழிலாளி ஒருவரையும் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்காரவைக்கலாம். கேள்விகளைப் பத்தாக முன்கூட்டியே வகுத்து, எல்லா மாணவரிடமும் அதே பத்தைக் கேட்டு, ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, எந்த விடையில் என்ன குறைந்தது என்று எழுதிக் கொடுக்கலாம். ஐந்து கேள்வி தமிழில், ஐந்து ஆங்கிலத்தில். மேசைமேல் விரிசல் விட்ட சரக்கு நாலு. பேட்டையில் கேட்டால் கூடை கூடையாகத் தருவார்கள். புதிய கட்டடமோ தனி நிதியோ இதற்குத் தேவையில்லை, நாலாம் பருவம் முடிந்த கையோடு ஒரு வாரம் ஒதுக்கினால் நடத்திவிடலாம்.